கொழுந்து லொறிக்கு ஐதரசன் கிட் பூட்டினால் டீசல் மிஞ்சுமா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்தில் மலைகளிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். தண்ணீரிலிருந்து ஐதரசனைப் பிரித்து எஞ்சினுக்குள் விடும் கிட் ஒன்றைப் பூட்டினால் டீசலில் நூற்றுக்கு முப்பது மிஞ்சும் என்று விற்பவர் சொல்கிறாராம். அது உண்மையா என்பது முதலாவது. அவர் கொழுந்து இறக்கும் தொழிற்சாலையில் ஓடை நீரில் சுழலும் பழைய டர்பைன் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. மழைக்காலத்து இரவுகளில் அதில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு ஐதரசன் தயாரித்து, மின்வெட்டின்போது ஓடும் ஜெனரேட்டருக்கு டீசலோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது. ஏற்றத்தில் லொறி கரும்புகை தள்ளுகிறது, இழுவை போதாது என்றும் எழுதியிருக்கிறார்.

கிட் வேண்டாம் என்பதே முதற் கேள்விக்கு என் பதில். இரண்டாவது யோசனை நியாயமானது, ஆனால் கணக்குப் பார்த்தால் அந்த மின்சாரத்துக்கு அதே தொழிற்சாலைக்குள் இதைவிட நல்ல வேலை காத்திருக்கிறது. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போய், எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாக வரிசையில் நின்ற பிறகு, டீசலைக் குறைக்கும் எந்தப் பேச்சையும் நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதில் தவறு சொல்லவும் முடியாது.

ஐதரசன் என்றாலே ஏமாற்று என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த பிரான்சுவா ஐசாக் டி ரிவாஸ் ஐதரசனையும் ஒட்சிசனையும் மின்பொறியால் எரித்து இயங்கும் எஞ்சினுக்கு 1807 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். பெற்றோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் அப்போது பிறக்கவே இல்லை. 1930 களில் ருடோல்ப் எரென் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் லொறி எஞ்சின்களை ஐதரசனும் சேர்ந்து எரியும்படி மாற்றிக் காட்டினார். ஒரு கிலோ ஐதரசன் எரியும்போது ஏறத்தாழ 120 மெகாயூல் சக்தி வெளிப்படுகிறது. ஒரு கிலோ டீசலில் இருப்பது 43 மெகாயூல் அளவுதான். வளியில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்தக் கலவையிலும் அது தீப்பற்றும். அதன் சுவாலை பெற்றோலின் சுவாலையைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான பொறியில் பத்திலொரு பங்கு சக்தியுள்ள பொறியே அதற்குப் போதும். இத்தனை நல்ல குணங்களையும் ஒரு குறை பின்னுக்கு இழுக்கிறது: ஐதரசன் மிகவும் இலேசான வாயு. சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் ஐதரசனில் இருப்பது 11 கிலோயூலுக்கும் சற்றுக் குறைவு. ஒரு லீற்றர் டீசலில் இருப்பது ஏறத்தாழ 36,000 கிலோயூல். அதாவது ஒரு லீற்றர் டீசலுக்கு ஈடாக மூவாயிரத்து முந்நூறு லீற்றர் ஐதரசன் வாயு வேண்டும். கிட் விற்பவர் கிலோக் கணக்கைச் சொல்வார், லீற்றர் கணக்கைச் சொல்ல மாட்டார்.

இனி அந்தக் கிட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள் சிலவற்றை நெருக்கமாக அடுக்கி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைத்த நீருக்குள் அமிழ்த்தி, லொறியின் 12 வோல்ற்று மின்சாரத்தைத் தகடுகளுக்குக் கொடுக்கிறார்கள். நீர் மின்பகுப்படைந்து ஒரு பக்கம் ஐதரசனும் மறுபக்கம் ஒட்சிசனும் குமிழிகளாக எழும்புகின்றன. இரண்டையும் பிரிக்காமல் ஒரே குழாயால் வளிவடிக்குப் பின்னால் எஞ்சினுக்குள் விடுகிறார்கள். எவ்வளவு வாயு வரும் என்பது தகட்டின் தரத்தையோ விற்பவரின் கைவண்ணத்தையோ பொறுத்ததல்ல. மைக்கேல் பரடே 1830 களில் வகுத்த விதி அதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. ஒரு கலத்தில், அதாவது அடுத்தடுத்த இரு தகடுகளுக்கிடையில், ஓர் அம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால் நிமிடத்துக்கு ஏழு மில்லிலீற்றர் ஐதரசன் கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. ஆறு கலங்களைத் தொடராக இணைத்து 20 அம்பியர் கொடுத்தால் நிமிடத்துக்கு 840 மில்லிலீற்றர் ஐதரசன் வரும், அதனோடு பாதியளவு ஒட்சிசனும் வரும். பார்வைக்கு அது கொதிக்கும் பானைபோல் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு மணித்தியாலம் முழுவதும் சேர்ந்த அந்த ஐதரசனில் இருக்கும் சக்தி 15 மில்லிலீற்றர் டீசலின் சக்திக்குச் சமம். ஒரு மேசைக்கரண்டி டீசல், அவ்வளவுதான்.

அந்த மேசைக்கரண்டிக்கு லொறி கொடுக்கும் விலையைப் பாருங்கள். 20 அம்பியர் மின்னோட்டத்தைப் பற்றரி சும்மா தருவதில்லை. எஞ்சின் பெல்ட்டால் சுழலும் அல்டர்னேற்றர் தருகிறது. 14 வோல்ற்றளவில் அது 280 வாற்று. லொறி அல்டர்னேற்றர் ஒன்றின் வினைத்திறன் பொதுவாக 55 முதல் 60 வீதம். ஆகவே எஞ்சின் அதற்கு ஏறத்தாழ 500 வாற்று இயந்திர வலுவைக் கொடுக்க வேண்டும். எஞ்சினோ டீசலின் சக்தியில் மூன்றிலொரு பங்கைச் சற்றுத் தாண்டித்தான் இயந்திர வேலையாக மாற்றுகிறது. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், மணித்தியாலத்துக்கு 140 மில்லிலீற்றர் அளவு டீசலை எரித்து 15 மில்லிலீற்றர் டீசலுக்குச் சமமான ஐதரசனைப் பெறுகிறோம். கலத்தை இன்னும் நன்றாகச் செய்தால், அல்டர்னேற்றரைப் பெரிதாக்கினால், இந்த இடைவெளி குறையுமே தவிர மறுபக்கம் திரும்பாது. நீரை உடைக்கத் தேவைப்படும் சக்தி அது மறுபடியும் நீராகும்போது கிடைக்கும் சக்தியைவிட ஒருபோதும் குறையாது.

மலைப்பாதையில் இது எந்த அளவுக்குச் சிறியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கொழுந்தோடு ஆறு தொன் நிறையுள்ள லொறி நிலைக்குத்தாக 100 மீற்றர் உயரம் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் அரை லீற்றர் அளவு டீசல் போகும். வளைவுகளில் பிரேக் பிடித்து மறுபடியும் வேகமெடுப்பது, சக்கர உராய்வு எல்லாம் அதற்கு மேல். மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றர் டீசல் குடிக்கும் ஏற்றத்தில் ஒரு மேசைக்கரண்டிக்கு ஈடான ஐதரசன் என்பது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அந்த வித்தியாசத்தை உங்கள் டீசல் மானி காட்டாது.

இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளும் விற்பனையாளர்களிடம் இன்னொரு வாதம் இருக்கிறது, அதுதான் படித்தவர்களையும் மயக்குகிறது. ஐதரசன் எரிபொருளாக அல்ல, தூண்டுபொருளாக வேலை செய்கிறது, சிறிதளவு சேர்ந்தாலே டீசல் முழுமையாக எரிந்துவிடும் என்பார்கள். ஒழுங்காகப் பராமரித்த டீசல் எஞ்சினில், சுமையோடு ஓடும்போது, உட்புகுந்த டீசலின் சக்தியில் 98 வீதத்துக்கும் மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. புகையாகவும் காபனோரொட்சைட்டாகவும் எரியாமல் வெளியேறுவது எஞ்சிய ஒன்றிரண்டு வீதம்தான். அதை ஐதரசன் முழுவதுமாக எரித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் அந்த ஒன்றிரண்டைத் தாண்ட வழியில்லை. முப்பது வீதம் எங்கிருந்து வரும்? மூன்றில் இரண்டு பங்கு சக்தி வெப்பமாக றேடியேற்றராலும் புகைக்குழாயாலும் போகிறது என்பது உண்மை, ஆனால் அது எரியாததால் போகும் சக்தியன்று. எரிந்த பிறகு வேலையாக மாறாமல் போகும் சக்தி. செறிவையும் பாருங்கள்: நான்கு லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 4000 லீற்றர் வளியை இழுக்கிறது. அதில் 840 மில்லிலீற்றர் ஐதரசன் என்பது நூற்றுக்கு 0.02. தீப்பற்றத் தேவையான ஆகக் குறைந்த செறிவில் இருநூறில் ஒரு பங்கு.

1977 இல் வெளிவந்த நாசா ஆய்வொன்றை இவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு, அந்த ஆய்வு உண்மையானதே. பெற்றோல் எஞ்சின் ஒன்றில் ஐதரசனைச் சேர்த்தால், மிக வளி மிகுந்த கலவையிலும் எஞ்சின் தடுமாறாமல் ஓடுகிறது, சுவாலை வேகம் கூடுகிறது, நச்சுப்புகை குறைகிறது என்று அதில் கண்டார்கள். பெற்றோல் எஞ்சினுக்கு அது பயனுள்ள பாடம். வளி மிகுந்த கலவையில் பெற்றோல் தனியாகச் சரிவர எரியாது, ஐதரசன் அங்கே கைகொடுக்கிறது. ஆனால் அவர்கள் சிலிண்டரில் அடைத்த ஐதரசனையும், மெதனோலை நீராவியோடு சேர்த்துச் சிதைத்துப் பெற்ற ஐதரசனையும்தான் பயன்படுத்தினார்கள். அல்டர்னேற்றரிலிருந்து எடுக்கவில்லை. டீசல் எஞ்சினோ இயல்பாகவே வளி மிகுதியாக ஓடுவது. அந்த ஆய்வு தீர்த்துவைத்த சிக்கல் அதற்குக் கிடையாது. தண்ணீரிலேயே வண்டி ஓட்டுவதாகச் சொன்ன ஸ்டான்லி மேயர் மீது முதலீட்டாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்து, அமெரிக்காவின் ஒஹாயோ மாநில நீதிமன்றம் 1996 இல் அதைக் கடும் மோசடி என்று தீர்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் இந்த விற்பனைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் பூட்டியவர்கள் சிலர் மிச்சம் கிடைத்ததாகச் சத்தியம் செய்வது ஏன் என்று கேட்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கிட் பூட்டும் அன்று வளிவடியைத் துப்புரவாக்குகிறார்கள், டீசல் வடியை மாற்றுகிறார்கள், சில இடங்களில் இன்ஜெக்டரையும் பார்க்கிறார்கள். அடுத்த வாரம் சாரதி மிச்சத்தைப் பார்க்கும் ஆவலில் பாதத்தை மெல்ல வைத்து ஓட்டுகிறார். கராஜில் செய்துகாட்டும்போது எஞ்சினைச் சும்மா நிற்கவைத்தே காட்டுவார்கள். சும்மா நிற்கும் எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் அளவில்தான் குடிக்கும், அங்கே அந்த மேசைக்கரண்டிக்கும் சத்தத்தில் சிறு மாற்றம் தெரியலாம். ஹற்றனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கியதையும் ஏறியதையும் ஒப்பிட்டு மிச்சக் கணக்குச் சொன்னவர்களும் உண்டு! நியாயமாகப் பார்க்க விரும்பினால் ஒரே பாதை, ஒரே நிறை, ஒரே சாரதி, தாங்கியை வாய்வரை நிரப்பி மறுபடி வாய்வரை நிரப்பும் முறை, கிட்டின் ஆளியைப் போட்டிருப்பதா நிறுத்தியிருப்பதா என்று சாரதிக்குத் தெரியாமல் நாள் மாற்றி நாள் ஓட்டுவது, இவை எல்லாம் வேண்டும். விற்பவர் இதற்குச் சம்மதித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது, இழுவை போதாது என்று நீங்கள் எழுதியிருப்பது கிட்டைவிட முக்கியமான விடயம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. அங்கே வளியமுக்கம் கொழும்பிலிருப்பதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் அது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அந்த அளவுக்குக் குறைந்த ஒட்சிசனையே உள்ளே எடுக்கும்; பம்போ கீழ்நாட்டில் விட்ட அதே அளவு டீசலை விட்டுக்கொண்டிருக்கும். மிஞ்சும் டீசல் கரும்புகையாகிறது. இழுவை போதவில்லை என்று பம்பின் திருகாணியைத் திருப்பி இன்னும் டீசலைக் கூட்டுவது நம் பக்கத்துக் கராஜ்களில் வழக்கம், அதனால் புகைதான் கூடும். செய்ய வேண்டியது எதிர்த்திசையில் இருக்கிறது: பம்பை நல்ல ஆய்வுமேசையில் ஏற்றி நீங்கள் வழமையாக ஓடும் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைத்துச் சரிசெய்யுங்கள், இன்ஜெக்டர் முனைகளின் தெறிப்பைப் பாருங்கள், ஜனவரி முதல் மார்ச் வரையான தூசிக் காலத்தில் தோட்டப் பாதையில் ஓடும்போது வளிவடியை இரட்டிப்புக் கவனத்தோடு மாற்றுங்கள், டயர்களில் காற்றைச் சரியாக வைத்திருங்கள். கிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும். வசதி இருந்தால் அடுத்த எஞ்சினை டர்போ உள்ளதாகப் பாருங்கள். மெல்லிய வளியை அமுக்கி உள்ளே தள்ளுவதுதான் அதன் வேலையே.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹற்றன் பக்கத்துக் கராஜ் ஒன்றில் கழற்றிப் போட்டிருந்த கிட் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். தகடுகளுக்கிடையில் கபில நிறச் சேறு படிந்திருந்தது. எஞ்சினுக்குப் போகும் அலுமினியக் குழாயின் உட்புறம் வெள்ளைப் பொருக்கு விட்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கலன் சாயும்போது காரநீர் குழாய் வழியே ஏறி அலுமினியத்தை அரித்திருக்கிறது. அதே நீர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். துருப்பிடிக்காத உருக்கிலிருந்து கரையும் குரோமியம் நச்சு வடிவம் எடுப்பதால் அந்தச் சேற்றை ஓடையிலோ மண்ணிலோ ஊற்றவும் கூடாது. கீழே குடிநீர் எடுக்கும் லயங்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது குழாய்க்குள் இருக்கும் கலவை. ஐதரசனும் ஒட்சிசனும் சரியான அளவில் ஏற்கெனவே கலந்திருப்பதால் அது எரிவதற்கு வெளிவளி தேவையில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்து சுவாலை திரும்பினால் கலன்வரை வந்து வெடிக்கும். எஞ்சின் நின்ற பிறகும் கலத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்படி வயர் இழுத்திருந்தால், பொனெற்றுக்குக் கீழ் வாயு சேர்ந்து நிற்கும். ஏற்கெனவே பூட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வேலையாக அதன் பியூஸைக் கழற்றிவிடுங்கள்.

ஐதரசனைத் துணை எரிபொருளாக ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் அதை வெளியில் தயாரித்து, அமுக்கி, தாங்கியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பெல்ஜியத்தில் 2017 இல் நீரில் இறங்கிய ஹைட்ரோவில் என்ற சிறு பயணிகள் கப்பல் டீசலும் ஐதரசனும் சேர்ந்து எரியும் எஞ்சின்களோடு கட்டப்பட்டது. டெல்லியில் 2020 இல் அமுக்கிய இயற்கை வாயுவோடு 18 வீதம் ஐதரசன் கலந்து பஸ்களில் பரீட்சித்தார்கள். இப்படிப் பெருமளவில் கொடுத்தால் ஐதரசன் டீசலின் ஒரு பங்கை உண்மையாகவே பிரதியீடு செய்யும், காபனீரொட்சைட்டும் கரும்புகையும் குறையும். சுவாலை சூடாவதால் நைதரசன் ஒட்சைட்டுகள் கூடக்கூடும் என்பதால் எஞ்சினின் கட்டுப்பாட்டு முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் லொறிக்கு அதே முறையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டுமானால் மணித்தியாலத்துக்கு 600 கிராம் ஐதரசன் வேண்டும். 200 பார் அமுக்கத்தில் அடைத்த ஐம்பது லீற்றர் உருக்குச் சிலிண்டர் ஒன்றில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே அடங்கும். வெறும் சிலிண்டரே ஓர் ஆளின் நிறை இருக்கும். போதாததற்கு, உள்ளெடுக்கும் குழாயில் விடும் ஐதரசன் வளியின் இடத்தைப் பிடிக்கும்; வளி ஏற்கெனவே குறைவான மலைநாட்டில் அது இன்னும் உறைக்கும்.

தொழிற்சாலை ஜெனரேட்டருக்கு இந்தச் சிக்கல்கள் குறைவு. அது ஓரிடத்தில் நிற்பது, நிறை பற்றிய கவலை இல்லை, மின்சாரமும் டீசலிலிருந்து வருவதில்லை. ஆகவே கணக்கு மாறும் என்று எதிர்பார்த்தது சரியே; ஆனால் போதுமான அளவுக்கு மாறவில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உங்கள் டர்பைனில் இரவில் ஐந்து கிலோவாற்று மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணித்தியாலத்தில் 50 அலகு. நல்ல மின்பகுப்புக் கருவி ஒரு கிலோ ஐதரசனுக்கு 50 முதல் 55 அலகு எடுக்கும். ஆக இரவு முழுவதும் ஓடினால் ஒரு கிலோ அளவு கிடைக்கும். அது சாதாரண அமுக்கத்தில் பதினொரு கன மீற்றர் இடத்தை அடைக்கும். சிலிண்டரில் அடைக்கக் கம்பிரசர் வேண்டும், அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவை ஜெனரேட்டரில் எரித்தால் மூன்று லீற்றர் அளவு டீசல் மிஞ்சும், அதாவது பத்துப் பதினொரு அலகு மின்சாரம் திரும்பி வரும். ஐம்பதைக் கொடுத்துப் பத்தை வாங்குகிறோம். அதே ஐம்பது அலகை லிதியம் பற்றரியில் சேமித்தால் நாற்பதுக்கும் மேல் திரும்பக் கிடைக்கும், மின்வெட்டின்போது ஜெனரேட்டரைக் கிளப்பாமலே சில நேரம் சமாளிக்கலாம்.

பற்றரிக்கும் முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாலையில் வந்து இறங்கும் கொழுந்தை வாட்டும் விசிறிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன. டர்பைனில் மிஞ்சுகிறது என்று சொல்லப்படும் அதே மணித்தியாலங்களில் அந்த விசிறிகள் மின்சார சபையின் இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தால், மிச்சம் என்று ஒன்று இல்லை. வயரிங் பிரிந்திருக்கிறது, அவ்வளவே. தொழிற்சாலை மின்னியலாளரிடம் கேட்டு, டர்பைனின் வெளியீட்டையும் விசிறிகளின் மின்மானியையும் மழை பலமான ஒரு மாதத்துக்கு மணிக்கு மணி குறித்துப் பாருங்கள். விசிறிகளை டர்பைன் பக்கம் மாற்றிய பிறகும் மிஞ்சுமானால், மின்சார சபைக்கு விற்பதா பற்றரியில் வைப்பதா என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். எழுதி அனுப்பினால் நானும் சேர்ந்து பார்க்கிறேன்.